ஆஃப்லைன் என்றொரு பொய்

புத்தகம், சினிமா, நாடகம் என்று விமர்சித்துவந்த இந்தப் பக்கத்தில், இந்த வாரம் விமர்சனத்துக்கு எடுத்துக்கொள்வது ஒரே ஒரு சொல். எழுதியவர் யாரென்று தெரியாது. ஆனால், எந்த நாவலாசிரியருக்கும் இல்லாத வாசகர் கூட்டம் அவருக்கு உண்டு. வாசித்த மாத்திரத்தில் ரத்த அழுத்தம் ஏறும். அந்தச் சொல், 'ஆஃப்லைன்'.

எப்படி வாசிக்க நேர்ந்தது என்று சொல்லிவிடுகிறேன்.

சனிக்கிழமை இரவு ஒன்பதரை மணி. எதிர் ஃப்ளாட் அம்மாள் கதவைத் தட்டினார். பின்னால் அவர் மகள், கையில் செல்போனுடன், எந்த நிமிஷமும் அழுதுவிடும் நிலையில். மறுநாள் நீட் தேர்வு. ஹால் டிக்கெட்டைத் தெருமுனை ஜெராக்ஸ் கடையில் பிரின்ட் எடுத்திருக்கிறார்கள். கடைக்காரர் அவசரத்தில் முதல் பக்கத்தை மட்டும் எடுத்துக் கொடுத்துவிட்டார். போட்டோ ஒட்டி எடுத்துப்போக வேண்டிய பக்கம் இல்லை. பையில் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று ராத்திரி பார்க்கும்போதுதான் தெரிந்திருக்கிறது. கடை பூட்டியாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலை திறக்குமா என்பது கடைக்காரருக்கே நிச்சயமில்லாத விஷயம்.

"சார், உங்க வீட்ல பிரின்டர் இருக்குன்னு வாட்ச்மேன் சொன்னார். ஒரே ஒரு பக்கம்தான்."

"இதென்ன பிரமாதம், உள்ளே வாங்க" என்றேன். இந்த மாதிரி வாக்கியங்களைச் சொல்லும்போது மேலே பல்லி கத்தும். அன்று கத்தவில்லை.

என் பிரின்டர் ஒயர்லெஸ் ஜாதி. கம்ப்யூட்டர் ஓர் அறையில், அது ஹாலில் டி.வி-க்குப் பக்கத்தில். நடுவில் கம்பி கிடையாது, காற்றுதான். அந்தப் பெண் மெயிலில் அனுப்பிய ஃபைலைத் திறந்து பிரின்ட் கொடுத்தேன். மூலையில் சின்னதாக வந்தது அந்தச் சொல். 'பிரின்டர் ஆஃப்லைன்.'

ஹாலுக்குப் போய்ப் பார்த்தேன். பிரின்டர் உயிரோடுதான் இருந்தது. வைஃபை விளக்கு சலனமில்லாமல் நீலமாக எரிந்தது. தாள் இருந்தது. மை இருந்தது. மறுபடி பிரின்ட். ஆஃப்லைன். மறுபடி. ஆஃப்லைன். பிரின்டரை அணைத்துப் போட்டேன். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டேன். ஆஃப்லைன்.

"பரவாயில்லை அங்கிள்" என்றது அந்தப் பெண். பரவாயில்லை என்று சொல்லும் குரல் அல்ல அது.

* * *

கையேட்டைத் தேடி எடுத்தேன். இப்போது அதன் விமர்சனம்.

பெட்டியோடு வந்தவை இரண்டு. ஒன்று, படுக்கை விரிப்பு சைஸில் ஒரு போஸ்டர். அதில் எழுத்தே கிடையாது, வெறும் படம், அம்புக்குறி. உலகத்துக்கெல்லாம் ஒரே போஸ்டர், மொழிபெயர்ப்புச் செலவு மிச்சம். இரண்டாவது, பல மொழிகளில் எச்சரிக்கைகள் அடங்கிய குட்டிப் புத்தகம். பிரின்டரைக் குளியல் தொட்டிக்கு அருகில் வைக்கக் கூடாது என்பது அதிலிருந்து நான் கற்றது. 'பிரின்ட் ஆகவில்லையா?' என்ற அத்தியாயம் அரைப் பக்கம். பிரின்டர் ஆன் செய்யப்பட்டிருக்கிறதா? தாள் இருக்கிறதா? கம்ப்யூட்டரையும் பிரின்டரையும் ரீஸ்டார்ட் செய்யவும். சரியாகாவிட்டால் மென்பொருளை நீக்கிவிட்டு மறுபடி நிறுவவும். அதற்கும் சரியாகாவிட்டால் சேவை மையத்தை அணுகவும்.

இதில் ஒரு வாக்கியம்கூடப் பொய்யில்லை. ஆனால், ஒரு வாக்கியத்துக்கும் 'ஏன்' கிடையாது. ரீஸ்டார்ட் செய்தால் பல நேரம் சரியாவது நிஜம். கம்ப்யூட்டருக்குள் ஸ்பூலர் என்று ஒரு வரிசை மேலாளர் இருக்கிறார். அவர் ஒரு ஃபைலில் சிக்கிக்கொண்டால் பின்னால் வருவதெல்லாம் நிற்கும். அணைத்துப் போட்டால் அவர் முதலிலிருந்து ஆரம்பிப்பார். ரவுட்டரை அணைத்துப் போட்டால் எல்லோரும் புதிதாகக் கைகுலுக்குவார்கள். காரணம் இவ்வளவுதான். இதைச் சொல்லியிருந்தால் அது அறிவு. சொல்லாததால் சடங்காகிவிட்டது. வண்டி கிளம்பாவிட்டால் எலுமிச்சம்பழம் வைப்பதற்கும், பிரின்டரை அணைத்துப் போடுவதற்கும் எனக்கு அன்று வித்தியாசம் தெரியவில்லை. வாசகனைப் பக்தனாக்கும் புத்தகம் நல்ல புத்தகமில்லை.

* * *

கடைசியில் என்னைக் காப்பாற்றியது பிரின்டரேதான். சில பட்டன்களைச் சேர்த்து அழுத்தினால் தன்னைப் பற்றிய விவரத் தாள் ஒன்றை அதுவே அச்சடித்துத் தரும் என்பது ஞாபகத்துக்கு வந்தது. அழுத்தினேன். சர்ரென்று ஒரு தாள் வந்தது. ஒரு மணி நேரமாக அச்சடிக்க மாட்டேன் என்ற இயந்திரம், தன் ஜாதகத்தை அழகாக அச்சடித்துக் கொடுத்தது! அதில் ஒரு வரி: ஐ.பி. விலாசம் 192.168.1.14. கம்ப்யூட்டரில் பிரின்டரின் 'போர்ட்' என்ற இடத்தைத் திறந்து பார்த்தேன். அங்கே எழுதியிருந்தது 192.168.1.7.

விஷயம் இதுதான். வீட்டு ரவுட்டர் என்பது திருவல்லிக்கேணி மேன்ஷன் மேனேஜர் மாதிரி. வந்து தங்குகிற ஒவ்வொரு சாதனத்துக்கும் ஓர் அறை எண் கொடுப்பார். சொந்தமாக இல்லை, வாடகைக்கு. போன வாரம் இன்டர்நெட் கம்பெனிப் பையன் வந்து பழைய ரவுட்டரைக் கழற்றிப் புதியதை மாட்டினான். 'எல்லாம் பழையபடியே இருக்கட்டும் சார்' என்று வைஃபை பெயரையும் பாஸ்வேர்டையும் மாற்றாமல் வைத்தான். அதனால் பிரின்டர் தானாகவே போய் ஒட்டிக்கொண்டது. ஆனால், மேனேஜர் புதுசு. ஏழாம் நம்பர் அறைக்குப் பதில் பதினாலைக் கொடுத்துவிட்டார். என் கம்ப்யூட்டர் ஏழாம் நம்பர் கதவைத் தட்டிவிட்டு, பதில் இல்லை என்றதும், 'ஆள் ஊரில் இல்லை' என்று எழுதி வைத்துவிட்டது. ஆளோ பதினாலாம் நம்பரில் காலை ஆட்டிக்கொண்டு பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

'ஆஃப்லைன்' என்ற சொல்மேல் என் குற்றச்சாட்டு இதுதான். கம்ப்யூட்டருக்குத் தெரிந்தது, 'நான் போன விலாசத்தில் பதில் இல்லை' என்பது மட்டும். அது சொன்னது, 'பிரின்டர் இல்லை' என்று. தனக்குத் தெரியாததைப் பிறர் குற்றமாகச் சொல்வதை ஆபீஸ்களில் பார்த்திருக்கிறோம். இயந்திரத்துக்கும் அந்தப் பழக்கம் வந்துவிட்டது.

நியாயமான வாக்கியம் எப்படி இருந்திருக்கும்? 'கடைசியாக 192.168.1.7-ல் பார்த்தேன், இப்போது அங்கே இல்லை. வீடு முழுக்கத் தேடட்டுமா?' இரண்டு வரி. எங்களுக்கு ஒரு மணி நேரம் மிச்சம்.

* * *

இந்தக் கோபம் எனக்கு மட்டும் வந்ததில்லை. சரித்திரத்திலேயே பிரின்டர் மேல் வந்த ஒரு கோபம் கம்ப்யூட்டர் உலகத்தையே மாற்றியிருக்கிறது.

1980 வாக்கில் அமெரிக்காவின் எம்.ஐ.டி-யில், செயற்கை அறிவு ஆய்வுக்கூடத்துக்கு ஒரு லேசர் பிரின்டர் வந்தது. கொடுத்தது ஜெராக்ஸ், நம் தெருமுனைக் கடைக்கெல்லாம் பெயர் தந்த அதே கம்பெனி. நல்ல மெஷின்தான், அடிக்கடி தாள் சிக்கிக்கொள்ளும் என்பதைத் தவிர. பிரின்டர் ஓரிடம், மனிதர்கள் வேறிடம். நடந்து போய்ப் பார்த்தால்தான் நின்றுபோனது தெரியும். ரிச்சர்ட் ஸ்டால்மன் என்ற இளைஞர் அங்கே புரோகிராமர். இதற்கு முன்னிருந்த பிரின்டரில் இதே தொல்லைக்கு அவர் வழி கண்டிருந்தார். தாள் சிக்கியதும், காத்திருக்கும் எல்லோருடைய திரையிலும் 'பிரின்டர் நின்றுவிட்டது' என்று செய்தி வரும்படி அதன் புரோகிராமைத் திருத்தினார். யாராவது ஒருவர் எழுந்து போய்ச் சரிசெய்வார். சிக்கல் தீரவில்லை, ஆனால் உண்மை தெரிந்தது. அது போதுமாக இருந்தது.

புது மெஷினில் அதைச் செய்ய முடியவில்லை. மூல நிரலைக் கம்பெனி கொடுக்கவில்லை. அது கையில் இருந்த ஒருவரை கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் போய்ப் பார்த்துக் கேட்டார். 'கொடுக்கமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன்' என்று பதில். ஸ்டால்மன் அந்த மறுப்பை மறக்கவில்லை. 1983-ல் யாரும் திறந்து பார்க்கலாம், திருத்தலாம் என்ற கொள்கையோடு 'க்னூ' திட்டத்தை அறிவித்தார். 1985-ல் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை. அதற்குப் பின்னால் காரணங்கள் பல உண்டு என்றாலும், அவரே திரும்பத் திரும்பச் சொல்லும் கதை இந்தப் பிரின்டர் கதைதான்.

அவர் பிரின்டர் பழுதாகக் கூடாது என்று கேட்கவில்லை என்பதைக் கவனியுங்கள். பழுதானால் சொல்லச் சொன்னார். அவ்வளவுதான்.

* * *

பிரின்டர்கள் சொல்லவும் செய்தன, தங்கள் பாணியில். பழைய ஹெச்.பி. லேசர்ஜெட் சிலவற்றின் சின்னத் திரையில் 'பிசி லோடு லெட்டர்' என்று ஒரு செய்தி வரும். படித்தவர்கள் கம்ப்யூட்டருக்கு ஏதோ கடிதம் வேண்டுமாம் என்று குழம்பினார்கள். பிசி என்றால் அங்கே கம்ப்யூட்டர் இல்லை, பேப்பர் கேசட், அதாவது தாள் தட்டு. லெட்டர் என்பது அமெரிக்கத் தாள் அளவு. 'தட்டில் லெட்டர் தாள் வை' என்பதுதான் அர்த்தம். 1999-ல் வந்த 'ஆஃபீஸ் ஸ்பேஸ்' என்ற அமெரிக்கப் படத்தில் இந்தச் செய்தியால் வெறுத்துப்போகும் ஊழியர்கள், பிறகு பிரின்டரை வயல்வெளிக்குத் தூக்கிப்போய் அடித்து நொறுக்குவார்கள். பழைய யூனிக்ஸ், லினக்ஸ் ஆசாமிகள் இன்னும் மேலே. பிரின்டருக்கு ஏதோ கோளாறு, என்னவென்று தெரியவில்லை என்றால், 'எல்பி-0 தீப்பிடித்து எரிகிறது' என்று செய்தி வரும்படி வைத்திருந்தார்கள். குறைந்தபட்சம் எழுந்து போய்ப் பார்க்கவாவது வைத்தது!

லேசர்ஜெட்டை மன்னித்துவிடலாம். அந்தத் திரையில் இருந்த இடமே சில எழுத்துகளுக்குத்தான். இன்றைய பிரின்டர் தகவல் சொல்வது உள்ளங்கை அளவு வண்ணத்திரையில், பக்கம் பக்கமாக எழுத இடமுள்ள செல்போனில். இடமில்லை என்ற சாக்கு போய்விட்டது. இலக்கணமும் தெரியாததல்ல. திரையில் வரும் பிழைச் செய்தி சாதாரண மொழியில் இருக்க வேண்டும், என்ன கோளாறு என்று குறிப்பாகச் சொல்ல வேண்டும், தீர்வும் காட்ட வேண்டும் என்று ஜேக்கப் நீல்சன் 1994-லேயே தன் பத்து விதிகளில் ஒன்றாகச் சேர்த்துவிட்டார். டிசைன் படிக்கிற பிள்ளைகள் அதைப் பரீட்சைக்குப் படிக்கிறார்கள். பிறகு எங்கே போகிறார்களோ!

"எல்லாத்தையும் சொன்னா ஜனங்க குழம்பிடுவாங்க சார்" என்றார் மென்பொருள் துறையில் இருக்கும் என் நண்பர். ஒப்புக்கொள்ள மாட்டேன். கரண்ட் போனால் இ.பி. ஆபீஸுக்கு போன் செய்கிறோம். 'ட்ரான்ஸ்ஃபார்மர்ல ஃப்யூஸ் போயிருக்கு, ஒரு மணி நேரம் ஆகும்' என்று லைன்மேன் சொன்னால் விசிறியை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போய்விடுகிறோம். ட்ரான்ஸ்ஃபார்மர் எப்படி வேலை செய்கிறது என்று நமக்குத் தெரியாது. ஆனாலும் நிம்மதி. போனை எடுக்காமலேயே விட்டால்தான் கத்துகிறோம். மனிதன் காரணத்தைத் தாங்கிக்கொள்வான். மௌனத்தைத்தான் தாங்கமாட்டான்.

தெரியாமல் சொல்லும் பொய் ஒரு ரகம் என்றால், தெரிந்தே சொல்லாமல் விடுவது இன்னொரு ரகம். 2016 செப்டம்பரில் பல ஹெச்.பி. பிரின்டர்கள் வேறு கம்பெனி மை கேட்ரிட்ஜ்களைத் திடீரென்று ஏற்க மறுத்தன. நேற்றுவரை ஓடியது இன்று ஓடவில்லை. உள்ளே இருந்த மென்பொருளில் அப்படி ஏற்பாடு. எதிர்ப்பு கிளம்பியதும் கம்பெனி, சரியாகத் தெரிவிக்காததற்கு மன்னிப்புக் கேட்டது. 2020-ல் இத்தாலியின் போட்டி ஆணையம், இந்தக் கட்டுப்பாடுகளை வாங்குபவர்களுக்கு ஒழுங்காகச் சொல்லவில்லை என்பதற்காக ஒரு கோடி யூரோ அபராதம் போட்டது. 'பிரின்ட் ஆகவில்லை' என்ற செய்திக்குப் பின்னால் சில சமயம் கோளாறு இல்லை, கொள்கை இருக்கிறது.

* * *

விமர்சகன் குறை மட்டும் சொல்லக் கூடாது என்பார்கள். அந்த அரைப் பக்க அத்தியாயத்தை நான் எழுதினால் இப்படி எழுதுவேன்.

ஸ்கேனர் கண்ணாடிமேல் ஒரு தாளை வைத்து காப்பி பட்டனை அழுத்துங்கள். காப்பி வந்தால் மையும் மெஷினும் நலம், கோளாறு காற்றில் இருக்கிறது. அடுத்து, பிரின்டரும் நீங்களும் ஒரே வைஃபையில்தான் இருக்கிறீர்களா பாருங்கள். வீட்டுப் பிரின்டர்கள் பலவற்றுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே தெரியும், 5 தெரியாது. அடுத்து, பிரின்டரின் விவரத் தாளில் உள்ள விலாசமும் கம்ப்யூட்டர் நம்பிக்கொண்டிருக்கும் விலாசமும் ஒன்றா? இல்லையென்றால் புதிய விலாசத்தைக் கொடுத்துப் பிரின்டரைச் சேருங்கள். ரவுட்டரில் அந்த விலாசத்தை நிரந்தரமாக ரிசர்வ் செய்யுங்கள், மறுபடி வராது. அதுவும் சரியென்றால், வரிசையில் நிற்கும் பழைய வேலைகளை எல்லாம் ரத்துசெய்துவிட்டு ஸ்பூலரை மட்டும் நிறுத்தி மறுபடி ஓட விடுங்கள். கடைசியாக, அவசரமென்றால் ஒரு யு.எஸ்.பி. கேபிள் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பிரின்டர் பெட்டியில் பெரும்பாலும் அது இருக்காது.

என்னிடமும் இல்லை.

* * *

அன்று ராத்திரிக்கு வருகிறேன். விலாச ரகசியத்தை நான் கண்டுபிடித்த பெருமையில் இருந்தபோது அந்தப் பெண் கேட்டது, "அங்கிள், என் போன்லயிருந்தே கொடுக்கலாமா?"

கொடுக்கலாம். 2010-ல் ஆப்பிள் ஏர்பிரின்ட் கொண்டுவந்த பிறகு செல்போன்கள் கற்றுக்கொண்ட நல்ல பழக்கம் அது. போன் அறை எண்ணை நினைவில் வைத்துக்கொள்வதில்லை. ஒவ்வொரு தடவையும் மேன்ஷன் வராந்தாவில் நின்று, 'இங்கே பிரின்டர் யாராவது இருக்கீங்களா?' என்று குரல் கொடுக்கும். எந்த அறையில் இருந்தாலும் 'இருக்கேன்' என்று பதில் வரும்.

அந்தப் பெண்ணின் போனுக்குப் பதில் வரவில்லை. "நோ பிரின்டர் ஃபவுண்டுன்னு வருது அங்கிள்."

போனை வாங்கிப் பார்த்தேன். காரணம் உடனே தெரிந்தது, கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது. உள்ளே வந்ததும் இருவருக்கும் நான் கொடுத்திருந்தது, ரவுட்டர் பையன் வைத்துக்கொடுத்த விருந்தாளி வைஃபை. திண்ணையில் உட்கார வைத்துக் காபி கொடுக்கிற மாதிரி. இன்டர்நெட் வரும், வீட்டுக்குள் இருப்பவர்களைப் பார்க்க முடியாது. எட்டு வருஷமாக எதிரெதிர் ஃப்ளாட். இதுவரை வீட்டு பாஸ்வேர்டு கொடுக்கத் தோன்றியதில்லை. பிரின்டர் ஒன்றும் ஒளிந்துகொள்ளவில்லை, நான்தான் கதவைச் சாத்தி வைத்திருந்தேன். அந்தச் செய்தியும் அதைச் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

பாஸ்வேர்டைக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தேன். பத்தே விநாடி. ஹாலில் சர்ரென்று சத்தம். இரண்டாவது பக்கம் வந்து விழுந்தது. அந்தப் பெண் அதை எடுத்து ஊதிக் காயவைத்தது. அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மணி பத்தேமுக்கால். "போய்த் தூங்கும்மா, நல்லா எழுது" என்றேன்.

அவர்கள் போன பிறகு, கம்ப்யூட்டரில் விலாசத்தை பதினாலு என்று திருத்தினேன். 'ஆஃப்லைன்' மறைந்தது. உடனே ஹாலில் மறுபடி சர்ர். மறுபடி. மறுபடி. அந்த ஒரு மணி நேரத்தில் நான் கோபத்தில் அழுத்திய ஒவ்வொரு பிரின்டும் வரிசையில் பத்திரமாகக் காத்திருந்திருக்கிறது. மொத்தம் பதினொன்று. அந்தத் தாள்களின் பின்பக்கத்தில்தான் வீட்டில் இப்போது மளிகை லிஸ்ட் எழுதுகிறோம். இந்தக் கட்டுரையின் முதல் வரைவும் அதில் எழுதியதுதான்.